கேம்பிரிட்ஜில் ஒரே ஒரு பகல்: எந்த வழியில் நடப்பது?

மே மாதக் கடைசியில் சித்தியும் சித்தப்பாவும் மதுரையிலிருந்து வருகிறார்கள். இங்கிலாந்தில் மொத்தம் பத்து நாள், அதில் கேம்பிரிட்ஜுக்கு ஒரு பகல். சித்தப்பா முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். ராமானுஜன் இருந்த இடத்தைப் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டேன் என்று போனிலேயே சொல்லிவிட்டார். சித்திக்கு இடது முழங்காலில் வலி. முக்கால் மணி நேரம் நடந்தால் பத்து நிமிடமாவது உட்கார வேண்டும். கூட வரும் தங்கைக்குக் கட்டடங்களில் பெரிய ஆர்வம் கிடையாது. அவளுக்கு ஆறும் புல்வெளியும் போதும். இந்த மூன்று பேரையும் ஒரே நாளில் எந்த வழியாக நடத்திக் கூட்டிப்போவது என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இதே கேள்வி வேறு பலருக்கும் வரும் என்பதால், யோசித்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து வேக ரயிலில் ஏறினால் ஐம்பது நிமிடத்தில் கேம்பிரிட்ஜ். ஆனால் ரயில் நிலையம் ஊரின் நடுவில் இல்லை, இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கடைகளும் அலுவலகங்களுமாக இருக்கும் அந்தச் சாலையில் பார்க்க அதிகம் எதுவும் கிடையாது. முதல் தடவை வருகிறவர்கள் ஆர்வத்தில் அதை நடந்தே கடந்து, பார்க்க வேண்டிய இடம் வருவதற்குள் பாதி தெம்பை இழந்துவிடுகிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் அங்கே பஸ்ஸோ டாக்சியோ எடுத்துக்கொள்வதுதான் சரி. நடையை ஊருக்குள் வைத்துக்கொள்ளலாம். மேடு பள்ளமே இல்லாத ஊர் என்பது இன்னொரு வசதி.

வருகிறவர்கள் எல்லாரும் தவறாமல் கேட்பது, ‘பல்கலைக்கழகம் எங்கே இருக்கிறது?’ என்பதுதான். நம் ஊரில் ஒரு பெரிய வளைவு, அதற்குள் ஒரு வளாகம் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே எதுவும் பிடிபடாது. ஆக்ஸ்போர்டில் ஊர்க்காரர்களோடு மூண்ட தகராறுக்குப் பிறகு அங்கிருந்து கிளம்பி வந்த சில அறிஞர்கள் 1209ல் இங்கே தங்கியதுதான் இந்தப் பல்கலைக்கழகத்தின் தொடக்கம். முதல் கல்லூரியான பீட்டர்ஹவுஸ் 1284ல் வந்தது. இன்று 31 கல்லூரிகள். ஒவ்வொன்றுக்கும் தனி மதில், தனி வாசல், வாசலில் ஒரு காவல் அறை. உள்ளே போனால் முற்றம், அதைத் தாண்டினால் இன்னொரு முற்றம். இவற்றுக்கு நடுவே ஊரும் கடைத்தெருவும் சந்தையும் பின்னிக் கிடக்கின்றன. அதனால் இங்கே ஒரு பகலைக் கழிக்க வந்தவர் முதலிலேயே ஒன்றை முடிவு செய்தாக வேண்டும்: மதிலுக்கு உள்ளேயா, வெளியேயா, அல்லது ஊரை விட்டே விலகி ஆற்றோரமாகவா?

மூன்றையும் தனித்தனி நாட்களில் நடந்து பார்த்திருக்கிறேன்.

பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் எடுப்பது முதல் வழியைத்தான். கிங்ஸ் கல்லூரி, ட்ரினிட்டி, செயின்ட் ஜான்ஸ் என்று பெரிய பெயர்களை வரிசையாகப் பிடித்து, ஒவ்வொரு வாசலிலும் டிக்கெட் வாங்கி உள்ளே போவது. இதில் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தைப் பற்றி எனக்கு இரண்டு கருத்து கிடையாது. அது பார்க்கவேண்டிய இடம். ஆறாம் ஹென்றி 1446ல் தொடங்கிய வேலை, அவர் 1461ல் அரியணையை இழந்ததும் தடுமாறியது. உள்நாட்டுப் போர்கள் ஓய்ந்தபின் ஏழாம் ஹென்றியும் எட்டாம் ஹென்றியும் முடித்து வைத்தார்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் வெள்ளைக் கல்லும் அதற்குமேல் வேறு நிறக் கல்லும் இருப்பதைக் கவனித்துப் பார்த்தால் தெரியும். பணம் நின்றது, அரசர்கள் மாறினார்கள், கல்லும் மாறியது. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால், விசிறியை விரித்து வைத்தது போன்ற கல் மேற்கூரை 88 மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. உலகிலேயே பெரிய விசிறி வடிவக் கல்கூரை அதுதான். ஜான் வாஸ்டெல் என்ற தலைமைக் கொத்தனார் 1512 முதல் 1515 வரை, மூன்றே ஆண்டுகளில் அதை முடித்தார். நடுவில் நிற்கும் மரத்தடுப்பில் எட்டாம் ஹென்றியின் பெயரெழுத்தும் ஆன் போலினின் பெயரெழுத்தும் சேர்த்துச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவர்கள் மணந்தது 1533ல். 1536ல் ஆனின் தலை வெட்டப்பட்டது. அந்த எழுத்துகளை யாரும் அகற்றவில்லை.

ஆக, கிங்ஸுக்கு டிக்கெட் கொடுக்கலாம். ஒருவருக்குப் பதினைந்து பவுண்டை ஒட்டி ஆகும். நான்கு பேர் என்றால் கொஞ்சம் வலிக்கும், ஆனாலும் தகும். அதோடு நிற்காமல் செயின்ட் ஜான்ஸுக்கும் கொடுத்து, இன்னொரு கல்லூரிக்கும் கொடுப்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. மூன்றாவது முற்றத்தைப் பார்க்கும்போது முதல் முற்றம் எப்படி இருந்தது என்பது மறந்துபோகும். செயின்ட் ஜான்ஸ் அழகில்லை என்று சொல்ல வரவில்லை. 1831ல் கட்டிய பெருமூச்சுப் பாலம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் ஒரே பகலில் மூன்று இடத்தில் டிக்கெட் வாங்கினால், கொடுத்த பணத்துக்குப் பார்த்தாக வேண்டுமே என்று ஓட வேண்டியிருக்கும். கோயிலுக்குப் போய்ப் பிராகாரத்தில் உட்காராமல் வந்தது போல இருக்கும்.

இதைவிடப் பெரிய தடை மாதம். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதிவரை தேர்வுக் காலம். அப்போது பல கல்லூரிகள் வெளியாருக்குக் கதவைச் சாத்திவிடும். சில கல்லூரிகள் ஒரு பகுதியை மட்டும் திறந்து வைக்கும். தேர்வு எழுதும் பிள்ளைகள் வசிக்கும் வீடு அது என்பதை நினைத்தால் குறை சொல்ல முடியாது. எங்கள் வீட்டார் வருவது மே கடைசியில். அதனால் முதல் வழி எங்களுக்குக் கிட்டத்தட்ட அடைபட்டுவிட்டது. ஜூலை, ஆகஸ்டில் வருகிறவர்களுக்குக் கதவு திறந்திருக்கும், கூட்டமும் நெரியும். என்னைக் கேட்டால் இந்த முதல் வழிக்கு ஏற்ற மாதம் அக்டோபர்தான். கல்லூரிப் பருவம் தொடங்கியிருக்கும், சுற்றுலாக் கூட்டம் வடிந்திருக்கும்.

சரி, இரண்டாவது வழி. டிக்கெட்டே வாங்காமல் மதிலுக்கு வெளியே ஒரு வட்டம். தெற்கே டிரம்பிங்டன் தெருவில் தொடங்கி, வடக்கே மாட்லின் பாலம்வரை போய், ஆற்றின் மறுகரை வழியாகத் திரும்பி வருவது. எல்லாம் சேர்த்து மூன்று கிலோமீட்டர் போல வரும். இதை ஏழைகளின் வழி என்று நினைத்துவிடக் கூடாது. நின்று நின்று நடந்தால் இந்த வட்டத்தில் கிடைப்பது உள்ளே கிடைப்பதைவிட அதிகம் என்பது என் அனுபவம்.

டிரம்பிங்டன் தெருவில் சாலைக்கும் நடைபாதைக்கும் இடையே இரு பக்கமும் சின்ன வாய்க்கால் இருக்கிறது. 1614ல் ஊருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்த ஹாப்சன் கால்வாயின் மிச்சம் அது. தாமஸ் ஹாப்சன் குதிரைகளை வாடகைக்கு விட்டவர். வாசலுக்குப் பக்கத்தில் நிற்கும் குதிரையைத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் குதிரையே கிடையாது என்பது அவர் போட்ட விதி. நல்ல குதிரைகளையே எல்லாரும் கேட்டு ஓட்டி ஓட்டி அவை தளர்ந்துபோகாமல் இருக்க அவர் செய்த ஏற்பாடு. ஒரே ஒரு தெரிவை மட்டும் தந்து ‘எடுத்துக்கொள், இல்லையேல் விடு’ என்பதற்கு இன்றுவரை ஆங்கிலத்தில் அவர் பெயர்தான். அதே தெருவில் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகம். அனுமதி இலவசம், உட்கார இடம் உண்டு, மழை வந்தால் ஒதுங்கவும் வசதி. திங்கட்கிழமை மூடியிருக்கும்.

கொஞ்சம் வடக்கே போனால் பெம்புரோக் கல்லூரி. அதன் தேவாலயம் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் கட்டி முடித்த முதல் கட்டடம், 1665ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தேர்வுக் காலம் தவிர மற்ற நாட்களில் இது போன்ற சிறிய கல்லூரிகளுக்குள் காசில்லாமலே போகலாம். அங்கே கூட்டமும் இருக்காது. அதற்கடுத்த மூலையில் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் தங்கக் கடிகாரம். 2008ல் ஸ்டீஃபன் ஹாக்கிங் திறந்து வைத்தது. முள் இல்லாத கடிகாரம். மேலே ஒரு பெரிய வெட்டுக்கிளி உட்கார்ந்து ஒவ்வொரு நொடியாக விழுங்கிக்கொண்டிருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் அது சரியான நேரம் காட்டும். இடையில் வேண்டுமென்றே தாமதிக்கும், பிறகு முந்தி ஓடும். சிறுவர்கள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள். பெரியவர்களுக்கும் பத்து நிமிடம் போவது தெரியாது.

அந்த மூலையிலிருந்து பெனட் தெருவுக்குள் திரும்பினால் சாக்சன் காலத்துக் கோபுரத்தோடு ஒரு சின்னத் தேவாலயம். பல்கலைக்கழகம் வருவதற்கு முன்பே நின்ற கட்டடம் அது. எதிரே ஈகிள் என்ற பழைய பப். 1953 பிப்ரவரி 28 அன்று பகல் உணவு நேரத்தில் பிரான்சிஸ் கிரிக் உள்ளே வந்து, உயிரின் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அறிவித்தது இங்கேதான். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவம் கிடைத்த நாள். பின்னறையின் மேற்கூரையில் இரண்டாம் உலகப்போர் விமானப்படை வீரர்கள் மெழுகுவத்தியும் லைட்டரும் கொண்டு சுட்டு எழுதிய பெயர்களும் படை எண்களும் அப்படியே இருக்கின்றன. அவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்ற எண்ணம் வராமல் அந்தக் கூரையைப் பார்க்க முடியாது. பக்கத்து ஃப்ரீ ஸ்கூல் சந்தில் பழைய கேவண்டிஷ் ஆய்வகம். 1897ல் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்த இடம். இவ்வளவும் சில நிமிட நடைக்குள் அடங்கிவிடுகிறது. இதற்கெல்லாம் டிக்கெட் கிடையாது.

பல்கலைக்கழகத் தேவாலயமான கிரேட் செயின்ட் மேரிஸ் கோபுரத்தில் ஏற 123 படிகள். மேலே நின்றால் மொத்த ஊரும் கையளவு. சித்தியால் முடியாது என்பதால் எங்கள் கணக்கில் இது இல்லை. ஆனால் கீழே நின்று மணியைக் கேட்கலாம். 1793ல் இந்தத் தேவாலயத்துக்காக அமைத்த இசையைத்தான் பிற்பாடு லண்டன் பிக் பென் மணிக்கூண்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். லண்டனில் அதைக் கேட்டுவிட்டு இங்கே வருகிறவர்களுக்கு ‘இதே மெட்டுதானே’ என்று தோன்றும்.

அப்புறம் ட்ரினிட்டி. பெரிய வாசலுக்கு மேலே எட்டாம் ஹென்றியின் சிலை இருக்கிறது. செங்கோல் இருக்க வேண்டிய கையில் ஒரு நாற்காலிக் கால். வாசலுக்கு வலது பக்கப் புல்வெளியில் ஓர் ஆப்பிள் மரம். நியூட்டன் வீட்டுத் தோட்டத்து மரத்தின் வழிவந்தது என்று சொல்லி 1954ல் நட்டது. எல்லாரும் இந்த இரண்டையும் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தமிழர்கள் அங்கே அப்படியே திரும்பித் தெருவின் எதிர்ப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அது ட்ரினிட்டியைச் சேர்ந்த ஹியூவெல் முற்றம். 1914 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் வந்த ராமானுஜன், செஸ்டர்ட்டன் சாலையில் நெவில் என்ற கணித ஆசிரியரின் வீட்டில் சில வாரம் இருந்துவிட்டு, இந்த முற்றத்து அறை ஒன்றுக்குத்தான் குடிவந்தார். அவரை இங்கே வரவழைத்த கணித அறிஞர் ஹார்டியின் அறைக்கு நடக்கிற தூரம். கல்லூரிச் சாப்பாடு அவருக்கு ஒத்துவராது. அறையிலேயே தனக்குத் தானே சமைத்துக்கொண்டார். அவர் வந்த சில மாதங்களில் முதல் உலகப்போர் மூண்டது. ஊரிலிருந்து சாமான் வருவதும், இங்கே காய்கறி கிடைப்பதும் கடினமாகிப்போன வருடங்கள்.

ட்ரினிட்டியின் புல்வெளிகளில் நடக்கும் உரிமை ஃபெலோ என்று அழைக்கப்படும் ஆய்வாளர்களுக்கே உரியது. மாணவர்களும் நம்மைப் போன்ற பார்வையாளர்களும் ஓரத்துக் கல்பாதையில்தான் போக வேண்டும். ராமானுஜன் 1918 அக்டோபரில் ட்ரினிட்டியின் ஃபெலோ ஆனார். அந்த ஆண்டின் பெரும்பகுதியை அவர் மருத்துவ இல்லங்களில் கழித்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில், காலமானார். அந்தப் பச்சைப் புல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குத்தான் மனதில் ஓடும்.

கடைசி வருடத்தில் இந்தியாவில் படுக்கையில் இருந்தபடி அவர் எழுதிய தாள்கள் கைமாறிக் கைமாறி இதே ட்ரினிட்டியின் ரென் நூலகத்துக்கு வந்து சேர்ந்து, யார் கண்ணிலும் படாமல் கிடந்தன. 1976ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் வேறொருவரின் காகிதங்களுக்கு நடுவே அவற்றைக் கண்டெடுத்தார். 600க்கும் மேற்பட்ட சூத்திரங்கள். ‘தொலைந்த நோட்டு’ என்று இன்று உலகம் சொல்வது அதைத்தான். ரென் நூலகத்தைப் பொதுமக்கள் பார்க்கலாம், ஆனால் நாளில் சில மணி நேரம்தான், எல்லா நாளும் அல்ல. கிளம்பும் முன் கல்லூரியின் இணையதளத்தில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ராமானுஜனின் தாள்கள் எப்போதும் காட்சிப் பெட்டியில் இருக்கும் என்று எண்ணிப் போகவும் வேண்டாம். இதே கல்லூரிக்குத்தான் 1930ல் சென்னையிலிருந்து சுப்பிரமணியன் சந்திரசேகர் வந்தார். கப்பலில் வரும்போதே விண்மீன்களின் முடிவைப் பற்றிய கணக்கைப் போட்டுக்கொண்டு வந்தவர். இன்றைய ட்ரினிட்டி ஃபெலோக்களில் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனும் ஒருவர். ரைபோசோம் ஆய்வுக்காக 2009ல் நோபல் பெற்றவர். சித்தப்பாவுக்கு இந்த ஒரு தெருவே போதும் என்று நினைக்கிறேன்.

ட்ரினிட்டிக்குப் பக்கத்துச் சந்து வழியாக இறங்கினால் காரட் ஹாஸ்டல் பாலம். இது பொதுவழி, யாரும் தடுக்க மாட்டார்கள். நின்று தெற்கே பார்த்தால் கிளேர் கல்லூரியின் பாலம். 1640ல் கட்டியது, ஆற்றின் மேல் இன்றும் நிற்பவற்றில் மிகப் பழையது. பாலத்தைத் தாண்டினால் ‘பேக்ஸ்’ எனப்படும் புல்வெளிகள். கல்லூரிகளின் கொல்லைப்புறம் என்றுதான் அந்தப் பெயருக்குப் பொருள். கிங்ஸ் தேவாலயத்தின் பெயர்போன படங்கள் எல்லாம் இந்தப் பக்கத்திலிருந்து எடுத்தவை. முன்னால் புல்வெளி, மேய்கிற மாடுகள், பின்னால் அந்தக் கல்மாளிகை. நம்மூர்க்காரர்களுக்கு மாடுகளைப் பார்த்ததும் ஊர் நெருக்கமாகிவிடும்.

வட்டத்தை முடிக்கும் சில்வர் தெருப் பாலத்தில் நின்றால் குவீன்ஸ் கல்லூரியின் மரப்பாலம் தெரியும். ‘கணிதப் பாலம்’ என்று பெயர். நியூட்டன் ஆணியே இல்லாமல் கட்டினார் என்று படகுக்காரர்கள் கதை சொல்வார்கள். அது 1749ல் கட்டியது. நியூட்டன் 1727லேயே போய்விட்டார். வில்லியம் ஈதரிட்ஜ் வரைந்து ஜேம்ஸ் எசெக்ஸ் கட்டிய பாலம் அது. நேர்க்கோட்டு மரங்களை மட்டும் அடுக்கி வளைவை உண்டாக்கியிருக்கிறார்கள் என்பதே போதுமான அதிசயம், பொய்க்கதை தேவையில்லை.

மூன்றாவது வழி ஊரைவிட்டு விலகுவது. சில்வர் தெருவின் மில் குளத்திலிருந்து கேம் ஆற்றை ஒட்டித் தென்மேற்கே மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல் நடந்தால் கிராண்ட்செஸ்டர் என்ற சிற்றூர். நியூனம் பகுதியைத் தாண்டியதும் வீடுகள் முடிந்து திறந்த மேய்ச்சல் வெளி தொடங்கிவிடும். மே மாதத்தில் புல் முழுக்க மஞ்சள் பூ. ஆற்றில் வில்லோ மரங்கள் தலை கவிழ்ந்து நிற்கும். போகும் வழியில் ஐந்து நிமிடம் விலகினால் நியூனம் கல்லூரியின் செங்கல் கட்டடங்களைப் பார்க்கலாம். பெண்களுக்காக 1871ல் தொடங்கிய கல்லூரி. அங்கே படித்த பெண்களுக்குக் கேம்பிரிட்ஜ் முழுப் பட்டம் கொடுக்கத் தொடங்கியது 1948ல்தான். தங்கைக்கு இதை அந்த வாசலில் நின்றே சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

கிராண்ட்செஸ்டரில் ஒரு பழைய தேவாலயமும், சில பப்களும், பழத்தோட்டத்து மரத்தடியில் சாய்வு நாற்காலி போட்டுத் தேநீர் தரும் இடமும் உண்டு. அந்தத் தோட்டத்தில் தேநீர் கொடுக்கும் வழக்கம் 1897ல் தொடங்கியது. கவிஞர் ரூபர்ட் புரூக் 1909ல் அங்கே வாடகைக்கு இருந்தார். வர்ஜீனியா வுல்ஃப், பொருளியல் அறிஞர் கெய்ன்ஸ் எல்லாரும் வந்து உட்கார்ந்த இடம். பக்கத்திலிருக்கும் ஆலை வீட்டில் கணித அறிஞர் வைட்ஹெட் குடும்பத்தோடு வாழ்ந்தார், பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் வந்து தங்கினார். போகும் முன் தேநீர்த் தோட்டம் திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இந்த வழியின் குறையையும் சொல்ல வேண்டும். மழைக்குப் பிறகு பாதை சேறாகிவிடும். நவம்பரிலிருந்து மார்ச் வரை சாதாரணச் செருப்போடு போக நினைக்கவே கூடாது. நடுவில் கழிப்பறை, கடை எதுவும் இல்லை. போய்வர ஆறு கிலோமீட்டருக்கு மேல். பகலில் பாதி அதற்கே போய்விடும். கல்லூரிகளை ஒரு தடவைகூடப் பார்க்காதவர் முழுப் பகலையும் புல்வெளியில் செலவழித்தால், ஊர் திரும்பியபின் ‘கேம்பிரிட்ஜில் என்ன பார்த்தாய்?’ என்ற கேள்விக்குத் தவிப்பார். இரண்டாம் முறை வருகிறவர்களுக்கு மட்டும் இதை நான் தயங்காமல் சொல்வேன். அவர்களுக்கு முதல் இரண்டும் வேண்டாம், இதுவே போதும்.

வழிகாட்டி வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: உள்ளே போகும் முதல் வழி என்றால் வேண்டும். உரிமம் பெற்ற வழிகாட்டிகள் ஒன்றரை, இரண்டு மணி நேரம் நடத்திக் காட்டுவார்கள். எந்த வாசல் அன்று திறந்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் முழங்கால் வலிக்காரரோடு குழுவில் சேர்ந்தால், குழுவின் வேகத்துக்கு அவர் ஓட வேண்டும், அவருக்காகக் குழு நிற்காது. எங்களுக்கு அது ஒத்துவராது. கோல் ஊன்றித் தள்ளும் பன்ட் படகு நடைக்குப் பதிலாகுமா என்பது இன்னொரு கேள்வி. முக்கால் மணி நேரத்தில் கல்லூரிகளின் பின்பக்கம் முழுவதையும் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம் என்பதால், நடக்கவே முடியாதவர்களுக்கு அதைவிட நல்ல வழி இல்லை. நடக்க முடிந்தவர்களுக்கு அது நடைக்கு மேல் ஒரு சேர்ப்பு. நடையை வெட்டி அதைப் போட வேண்டாம். ஆற்றிலிருந்து கொல்லைப்புறம் மட்டும்தான் தெரியும், தெரு தெரியாது.

இந்த மூன்றையும் தாண்டி, எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசியில் சேர்த்துக்கொள்ளச் சொல்வது ஒன்று உண்டு. கல்லூரிப் பருவ நாட்களில் கிங்ஸ் தேவாலயத்தில் பெரும்பாலான மாலைகளில் ஐந்தரை மணிக்கு ஈவன்சாங் என்னும் பாட்டு வழிபாடு நடக்கும். கட்டணம் கிடையாது, எந்த மதத்தவரும் வரலாம். அரை மணி நேரம் முன்னால் வாசலில் வரிசையில் நின்றால் போதும். படம் எடுக்கக் கூடாது, நடுவில் எழுந்து போகக் கூடாது. அவ்வளவுதான் விதி. பகலில் டிக்கெட் வாங்கிப் போனால் அந்தக் கூரையைப் பார்க்கலாம். மாலையில் போனால் அந்தக் கூரை எதற்காகக் கட்டப்பட்டதோ அதைக் கேட்கலாம். சிறுவர்களின் குரல் மேலே போய், ஒரு கணம் தங்கி, திரும்பி இறங்கும். நான் முதல் தடவை கேட்டுவிட்டு வெளியே வந்தபோது பேச்சு வரவில்லை. இதற்காகவே திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள் என்பேன். அன்று வழக்கமாகச் சிறுவர்கள் பாடும் குழு பாடாது, ஃபிட்ஸ்வில்லியமும் மூடியிருக்கும்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தபின் எங்கள் நாளுக்கு நான் போட்டிருக்கும் திட்டம் இது. எல்லாரும் ஊருக்குள் தொடங்கிப் புல்வெளியில் முடிப்பார்கள். நாங்கள் தலைகீழாகப் போகிறோம். காலை பத்து மணிக்கு ரயில் நிலையத்தில் இறங்கியதும் டாக்சி எடுத்து நேராகக் கிராண்ட்செஸ்டர். தேநீர் குடித்துவிட்டு, ஆற்றோரமாக ஊரை நோக்கி ஒருவழி நடை. திரும்பி நடக்க வேண்டாம் என்பதால் தூரம் பாதியாகிவிடும். சித்தி வேண்டிய இடத்தில் உட்காரலாம், அவசரப்படுத்த யாரும் இல்லை. ஒரு மணியைப் போல மில் குளத்துக்கு வந்து சாப்பாடு. பிற்பகல் இரண்டாவது வழியில் சுருக்கமான ஒரு பகுதி: மரப்பாலம், தங்கக் கடிகாரம், ஈகிளின் கூரை, ட்ரினிட்டி வாசல், காரட் ஹாஸ்டல் பாலம். ஐந்து மணிக்குக் கிங்ஸ் வாசலில் வரிசை. மாட்லின் பாலமும் வட்டத்தின் வடக்குப் பாதியும் விட்டுப்போகும், பரவாயில்லை. காலையில் மழை என்றால் கிராண்ட்செஸ்டரை விட்டுவிட்டு ஃபிட்ஸ்வில்லியம். உள்ளே போகும் டிக்கெட் அன்று ஒன்றுகூட வாங்கப்போவதில்லை. மிச்சமாகும் பணத்தில் தங்கையைப் படகில் ஏற்றலாம். வழிபாடு முடிந்து ஆறேகால் மணிக்கு வெளியே வந்தாலும் மே கடைசியில் ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும்.

திட்டத்தைச் சித்தப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். மற்றதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஹியூவெல் முற்றத்து வாசலுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறாய் என்று மட்டும் கேட்டார். பத்து நிமிடம் என்று போட்டிருந்ததை முக்கால் மணி நேரமாக மாற்றியிருக்கிறேன்.